140 புளூ-ரே வட்டுகள், ஒரு 4 டிபி வன்தட்டு: எதை வைப்பது, எதை விடுவது?

#1 கடைசிவரிசை

வணக்கம். பல ஆண்டுகளாகச் சேர்த்த புளூ-ரே வட்டுகள் 140 இருக்கின்றன. அவற்றில் மூன்று மட்டும் 4கே. ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் எழுந்துபோய்த் தேடி எடுத்து, தட்டில் வைத்து, தாண்டவே முடியாத எச்சரிக்கை வாசகங்களையும் முன்னோட்டங்களையும் பொறுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. படம் தொடங்குவதற்குள் பார்க்கும் ஆசையே வடிந்துவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் வன்தட்டில் ஏற்றிவிடுவது என்று இறங்கினேன்.

கையில் இருப்பது 4 டிபி வன்தட்டு ஒன்று. கணினியில் செருகியதும் 3.63 டிபி என்று காட்டியது. அது முதல் அடி. முதல் வாரத்தில் 11 வட்டுகளை அப்படியே முழுதாகப் படியெடுத்தேன்; 430 ஜிபி போய்விட்டது. இதே கணக்கில் போனால் நூறு வட்டைத் தாண்டுவதே கடினம்.

படத்தின் தரம் கண்ணுக்குத் தெரியும்படி குறையக் கூடாது. இடமும் மிச்சமாக வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கேட்பது பேராசை என்று தெரிந்துதான் கேட்கிறேன். 55 அங்குலத் தொலைக்காட்சி, 5.1 ஒலிபெருக்கி அமைப்பு. கணினி அவ்வளவு புதியதல்ல.

#2 முழுப்பிரதி

இன்னொரு வன்தட்டு வாங்குங்கள். இழை முடிந்தது.

#3 பழையபெட்டி

இந்தப் பதிலை முழுப்பிரதி எங்கேயோ எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுகிறார் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

கடைசிவரிசை, முதலில் அந்த 3.63-ஐத் தீர்த்துவிடுவோம். வன்தட்டு செய்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள். 4 டிபி என்றால் நான்கு லட்சம் கோடி பைட்டுகள். விண்டோஸ் அதை 1024, 1024 என்று வகுத்துவிட்டு, அலகின் பெயரை மட்டும் மாற்றாமல் போடுகிறது. உங்கள் இடத்தை யாரும் திருடவில்லை. புளூ-ரே வட்டின் ஒற்றை அடுக்கு 25 ஜிபி, இரட்டை அடுக்கு 50 ஜிபி என்பதும் ஆயிரக் கணக்குதான். இங்கே எல்லோரும் ஆயிரத்திலேயே பேசினால் குழப்பம் இருக்காது.

தரத்தைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீங்கள் அளக்காமலேயே 430 ஜிபியைப் போட்டிருக்கிறீர்கள். நடுவாந்தரமான ஒரு வட்டை மேக்எம்கேவியில் (வட்டிலிருந்து படத்தை எடுக்கும் மென்பொருள்) திறந்து, முதன்மைப் படத்தை மட்டும் எடுத்து, மீடியாஇன்ஃபோவில் (கோப்புக்குள் இருப்பதைக் காட்டும் மென்பொருள்) போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் காணொளி, ஒலி, வசனவரி என ஒவ்வொரு தடத்தையும் இங்கே எழுதுங்கள்.

#4 கடைசிவரிசை

சொன்னபடி ஒன்றை எடுத்தேன். வட்டு மொத்தம் 44 ஜிபி. படம் 2 மணி 5 நிமிடம். அதன் கோப்பு மட்டும் 30 ஜிபி. மீதி 14 ஜிபி முழுவதும் படப்பிடிப்புக் காட்சிகள், நேர்காணல்கள், நீக்கப்பட்ட காட்சிகள், முன்னோட்டங்கள். அவற்றை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை.

படக் கோப்புக்குள் காணொளி எச்.264, சராசரி 23 எம்பிபிஎஸ் (நொடிக்கு 23 மெகாபிட்). மூல மொழியில் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற இழப்பில்லா ஒலி, ஏறத்தாழ 3.6 எம்பிபிஎஸ். எனக்குத் தெரியாத ஒரு மொழியில் அதே போன்ற இன்னொன்று. பிறகு இரண்டு மொழிமாற்று ஒலித்தடங்கள், டால்பி டிஜிட்டல், தலா 640 கேபிபிஎஸ். இயக்குநரின் விளக்கவுரை 192. வசனவரிகள் பன்னிரண்டு மொழிகளில் இருக்கின்றன.

#5 பழையபெட்டி

நன்று. இப்போது பள்ளிக்கூடக் கணக்கு. எம்பிபிஎஸ் எண்ணை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் எம்பி கிடைக்கும். உங்கள் படம் 7,500 நொடி.

காணொளி 23 எம்பிபிஎஸ் என்றால் 21.6 ஜிபி. இழப்பில்லா ஒலித்தடம் ஒவ்வொன்றும் 3.4 ஜிபி. மொழிமாற்றுத் தடங்கள் தலா 0.6. விளக்கவுரை 0.2-க்கும் குறைவு. வசனவரிகள் எழுத்தாக அல்ல, படங்களாக இருப்பதால் (பிஜிஎஸ் என்பார்கள்) பன்னிரண்டும் சேர்ந்து 0.4 ஜிபி பிடிக்கும். கூட்டினால் 30 வந்துவிடுகிறது.

உங்களுக்குத் தெரியாத மொழியின் இழப்பில்லா ஒலி, மொழிமாற்று இரண்டு, தேவைப்படாத வசனவரிகள் பதினொன்று ஆகியவற்றை விட்டுவிட்டால் 5 ஜிபி குறையும். ஆக 44 என்பது 25 ஆகிறது. படத்தில் ஒரு புள்ளியைக்கூட நீங்கள் தொடவில்லை. வட்டில் இருந்த அதே பிட்டுகள் அதே வரிசையில் எம்கேவி என்ற வேறு பெட்டிக்குள் போயிருக்கின்றன. தரம் போய்விட்டது என்று இதில் குறை சொல்ல எவருக்கும் வழியில்லை, முழுப்பிரதி உட்பட.

மறுகுறியாக்கம் (காணொளியை இன்னும் சிறிதாக மறுபடி சுருக்குவது) பற்றி எடுத்தவுடன் பேசுபவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். பிறகு பார்க்காத நேர்காணலையும் சேர்த்து இரவெல்லாம் கணினியை ஓடவிட்டுச் சுருக்குகிறார்கள்.

#6 புதுவரவு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அந்த 30 ஜிபி கோப்பை ஜிப் செய்து வைத்தால் சிறியதாகாதா? வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாமே?

#7 பழையபெட்டி

ஆகாது. எச்.264 என்பதே ஒரு சுருக்கும் முறை. பிழிய வேண்டியதெல்லாம் முன்பே பிழியப்பட்டுவிட்டது. ஜிப் செய்தால் நூற்றில் ஒன்று குறைந்தால் அதிகம். விண்டோஸ் கோப்புறையில் இருக்கும் சுருக்கும் வசதிக்கும் இதே பதில்தான். எம்கேவியை எம்பி4 ஆக மாற்றினால் குறையுமா என்பது அடுத்த கேள்வியாக வரும் என்பதால் அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெட்டியை மாற்றினால் உள்ளே இருக்கும் பொருள் சிறுக்காது.

#8 நெறியாளர்

வழக்கமான நினைவூட்டல். சொந்தமாக வாங்கிய வட்டு, சொந்த வீட்டில் பார்ப்பது, இந்த எல்லைக்குள் பேசுங்கள். கோப்புகளைப் பகிர்வது பற்றிய பதிவுகள் நீக்கப்படும். வட்டின் பூட்டைத் திறப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. பிரிட்டனில் சொந்தப் பயன்பாட்டுக்குப் படியெடுக்க 2014-இல் கொடுத்த அனுமதியை அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் நாட்டு நிலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

#9 ஒலிப்பித்தன்

ஒலியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஓர் உரிமை உண்டு என்று நினைக்கிறேன், பெயரே அப்படி.

டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவுக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. நடுவில் சாதாரண டிடிஎஸ் கரு, பெரும்பாலும் 1509 கேபிபிஎஸ். அதன்மேல் இழப்பில்லாமல் ஆக்கும் கூடுதல் தரவு. மேல்பகுதியை உரித்துவிட்டுக் கருவை மட்டும் வைக்க முடியும். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் அதற்கென்றே ஒரு வடிகட்டி இருக்கிறது. மறுகுறியாக்கம் எதுவும் இல்லை. உங்கள் படத்தில் இதனால் மட்டும் 2 ஜிபி குறையும். டால்பி ட்ரூஎச்டியும் இழப்பில்லா ஒலிதான், ஆனால் வேறு வகை. அதற்குக் கரு கிடையாது. அதனால்தான் புளூ-ரேயில் அதனுடன் ஒரு டால்பி டிஜிட்டல் தடத்தையும் கட்டாயமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ட்ரூஎச்டியை விட்டு அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய வட்டுகள் சிலவற்றில் பிசிஎம் ஒலி சுருக்காமல் அப்படியே கிடக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஆறு வழி என்றால் 6.9 எம்பிபிஎஸ், இரண்டு மணி நேரத்துக்கு 6.2 ஜிபி! அதை ஃபிளாக் (ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் முறை) ஆக்குங்கள். ஒரு பிட்டும் இழக்காமல் கணிசமாகக் குறையும். 16 பிட் ஒலிக்குச் சுழியங்களைச் சேர்த்து 24 பிட் என்று கொடுத்திருந்தால் ஃபிளாக் அதையும் கண்டுபிடித்து அந்த வெற்றுப் பிட்டுகளை உதறிவிடும். எனக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே ஃபிளாக் மீது தனி மரியாதை.

ஆனால் அட்மாஸ் உள்ள ட்ரூஎச்டியை ஒருபோதும் ஃபிளாக் ஆக்காதீர்கள். வழிகள் மட்டும் மிஞ்சும். தலைக்கு மேல் பறக்கும் ஒலிகளின் இருப்பிடத் தகவல் போய்விடும், திரும்பி வராது.

இன்னொன்று. தொலைக்காட்சியிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஏஆர்சி (எச்டிஎம்ஐ கம்பியில் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாகத்தான் ஒலி போகிறதா? பழைய ஏஆர்சியில் ட்ரூஎச்டி போகவே போகாது, இஏஆர்சி வேண்டும். போகாத ஒன்றுக்கு இடம் ஒதுக்கி வைப்பதில் பயனில்லை.

#10 முழுப்பிரதி

இன்று ஏஆர்சி இருக்கிறது, நாளை வேறு அமைப்பு வரும். அன்று கருவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? வட்டை மறுபடி தேடுவீர்கள். இரண்டு முறை செய்யும் வேலை ஒருபோதும் சிக்கனமல்ல.

#11 ஒலிப்பித்தன்

வட்டு அலமாரியில்தானே இருக்கிறது, முழுப்பிரதி அவர்களே. மேலும், நான் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். கருவையும் இழப்பில்லாததையும் பத்து முறை மாற்றி மாற்றி ஒலிக்க வைத்து ஊகித்ததில் ஆறு சரி. பூவா தலையா போட்டிருந்தால் ஐந்து வந்திருக்கும். பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று அன்று யோசித்தேன்.

#12 கடைசிவரிசை

எல்லோருக்கும் நன்றி. பழைய 11 முழுப்பிரதிகளை அழித்துவிட்டேன் (முழுப்பிரதி மன்னிக்க). பத்து நாட்களில் 40 வட்டுகளைத் தேவையான தடங்களுடன் மட்டும் எடுத்தேன். சராசரி 27 ஜிபி வருகிறது. 137 வட்டுக்கு 3,699. 4கே மூன்றுக்குத் தலா 70 என்று வைத்தால் 210. மொத்தம் 3,909. அதாவது எல்லாம் ஏறிவிடும், 91 ஜிபி மிஞ்சும்! இனி வட்டே வாங்காமல் இருந்தால் போதும். அது நடக்காது என்பதால் சிலவற்றையாவது சுருக்கத்தான் வேண்டும்.

அதற்கு முன் ஒரு சிக்கல். ஒரு வட்டைத் திறந்தால் மட்டும் மேக்எம்கேவி நூற்றுக்கணக்கான தலைப்புகளை (தனித்தனியாக எடுக்கத்தக்க காணொளிகளை) காட்டுகிறது. எல்லாம் ஏறத்தாழ ஒரே நீளம், ஒரே அளவு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முதல் இருபது நிமிடம் சரியாக ஓடியது, பிறகு இறந்துபோனவர் எழுந்து வந்து பேசினார்.

#13 பழையபெட்டி

அது பேய்ப்படம் இல்லையென்றால், நீங்கள் எடுத்தது பொய்ப் பட்டியல். வட்டில் படம் பல துண்டுக் கோப்புகளாக இருக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்று ஓடுபட்டியல் கோப்பு ஒன்று சொல்லும். படியெடுப்பவர்களைக் குழப்புவதற்காகவே தவறான வரிசையில் நூற்றுக்கணக்கான பட்டியல்களைச் சேர்த்து விடுகிறார்கள். வட்டைக் கணினியில் புளூ-ரே பார்க்கும் மென்பொருளில் அதன் மெனுத் திரை வழியாகவே ஓடவிட்டு, அப்போது எந்த எண்ணுள்ள ஓடுபட்டியல் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு, மேக்எம்கேவியில் அதே எண்ணை எடுங்கள். நீளத்தை நம்பாதீர்கள்.

இனி சுருக்கும் வேலை. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும். அது பூட்டிய வட்டைத் தானாகத் திறக்காது, ஆனால் நீங்கள் எடுத்த எம்கேவியை வாங்கிக்கொள்ளும்.

எல்லாப் படத்துக்கும் ஒரே அமைப்பைப் போட்டு வரிசையில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நான் அப்படிச் செய்துதான் கற்றுக்கொண்டேன். எக்ஸ்265 (எச்.265 முறையில் சுருக்கும் குறியாக்கி), ஆர்எஃப் (தரத்தைக் குறிக்கும் எண்) 20, எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒரு படம் 6 ஜிபியில் முடிந்தது. அடுத்தது 19 ஜிபி. இரண்டும் இரண்டு மணி நேரப் படங்கள். முதலாவது எண்மக் கேமராவில் எடுத்தது, சுவர் சுவராக, வானம் வானமாகத் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். இரண்டாவது படச்சுருளில் எடுத்தது. திரை முழுவதும் நுண்ணிய துகள்கள் கொதித்துக்கொண்டே இருக்கும்.

காணொளியைச் சுருக்கும் வித்தையே முந்தைய சட்டகத்தில் இருந்ததை மறுபடி எழுதாமல் விடுவதுதான். துகளோ சட்டகத்துக்குச் சட்டகம் புதிது. நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லாத ஒன்றை எப்படி ஊகிப்பது? அதனால் ஒவ்வொன்றையும் எழுதியாக வேண்டும், பிட்டுகள் அங்கேதான் கரைகின்றன. குறைவான பிட் கொடுத்தால் குறியாக்கி துகளை வழித்துவிடும். முகங்கள் மெழுகு பொம்மைபோல் ஆகும். எக்ஸ்265-இல் எஸ்ஏஓ என்றொரு மென்மையாக்கி இயல்பாகவே இயங்குகிறது; துகள் உள்ள படங்களுக்கு அதை அணைத்துவிடுங்கள்.

ஏவி1 என்ற இன்னொரு சுருக்கும் முறை இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. துகளை அகற்றிச் சுருக்கிவிட்டு, அது எப்படி இருந்தது என்ற குறிப்பை மட்டும் அனுப்பும். பார்க்கும் கருவி அந்தக் குறிப்பைக் கொண்டு புதிதாகத் துகள் தூவும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நீங்கள் பார்ப்பது ஒளிப்பதிவாளர் விட்ட துகள் அல்ல, அதன் சாயல். அந்த வேறுபாடு உறுத்துமா என்பது அவரவர் மனதைப் பொறுத்தது. எனக்கு உறுத்துகிறது.

ஆகவே என் வழி இது: படச்சுருள் படங்களைத் தொடாதீர்கள், 27 ஜிபியாகவே இருக்கட்டும். எண்மக் கேமராப் படங்கள், அசைவூட்டப் படங்கள், ஒருமுறை பார்த்து மறுபடி எப்போது பார்ப்போம் என்று தெரியாத படங்கள் ஆகியவற்றை மட்டும் சுருக்குங்கள்.

வட்டில் எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். புளூ-ரேயில் மூன்று வகை வரும்: எம்பெக்-2, விசி-1, எச்.264. 2006-ஐ ஒட்டி வந்த தொடக்ககால வட்டுகள் சில எம்பெக்-2. அது டிவிடி காலத்து முறை, இடத்தை வாரி விழுங்கும். அவற்றைச் சுருக்கினால் ஆதாயம் அதிகம். எச்.264 தரநிலை 2003, எச்.265 2013, இடையில் பத்து ஆண்டு முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் மாயாஜாலம் இல்லை.

அமைப்பைப் பொறுத்தவரை 1080 வரிப் படங்களுக்கு ஆர்எஃப் 20 முதல் 24 வரை என்று ஹேண்ட்பிரேக் ஆவணம் சொல்கிறது. எண் குறையக் குறையத் தரமும் அளவும் ஏறும். நான் 20-ஐத் தாண்டுவதில்லை. மூலம் 8 பிட்டாக இருந்தாலும் எக்ஸ்265 10 பிட் தேர்ந்தெடுங்கள். இருட்டறைச் சுவரிலும் அந்தி வானத்திலும் படிப்படியாகக் கோடு விழுவது குறையும். முதலில் முழுப் படத்தையும் போடாதீர்கள். மிக இருண்ட காட்சி ஒன்று, மழையோ புகையோ உள்ள காட்சி ஒன்று, இரண்டு இரண்டு நிமிடம் சோதனை செய்யுங்கள். சோதனைத் துண்டைக் கணினித் திரையில் மூக்கை ஒட்டிப் பார்க்காமல், நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து அந்த 55 அங்குலத்தில் பாருங்கள்.

கறுப்புப் பட்டைகளை வெட்டுவது நல்லது; 2.40 அகலப் படம் 1920×800 ஆகிவிடும். கறுப்பு தானே பெரிய இடம் பிடிப்பதில்லை என்பதால் இதில் மிச்சம் சொற்பம். ஆனால் சில படங்களில் நடுவில் திரையின் உயரம் மாறும். தானாக வெட்டும் வசதி தொடக்கக் காட்சியைப் பார்த்து ஏமாந்தால் பிறகு வரும் காட்சிகளில் தலையும் காலும் போகும். ஒருமுறை சரிபாருங்கள்.

நேரம்? உங்கள் 7,500 நொடிப் படத்தில் 1,80,000 சட்டகங்கள். மெதுவான அமைப்பில் நொடிக்கு 20 சட்டகம் வந்தால் இரண்டரை மணி நேரம். 70 படம் என்றால் 175 மணி, இடைவிடாமல் ஒரு வாரம்.

#14 முழுப்பிரதி

ஒரு வாரம் கணினியைக் கொதிக்க விட்டு, படத்தைக் கெடுத்து, மிச்சம் பிடிப்பது ஒன்றேகால் டிபி. நான் இரண்டாவது பதிவில் சொன்னதையே இங்கே படித்துக்கொள்ளவும்.

#15 பழையபெட்டி

பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

#16 புதுவரவு

என் கணினியில் வரைகலை அட்டை இருக்கிறது. அதைக் கொண்டு குறியாக்கினால் ஒரு படம் இருபது நிமிடத்துக்குள் முடிகிறது. அப்படியே செய்யக் கூடாதா?

#17 பழையபெட்டி

செய்யலாம். ஆனால் வரைகலை அட்டை வேகத்துக்காக ஆழமாகத் தேடாமல் விடுகிறது. அதே தரத்துக்கு அதிக இடம் கேட்கும், அல்லது அதே அளவில் தரம் குறையும். கைப்பேசியில் பார்க்க அவசரமாக ஒரு பிரதி வேண்டுமென்றால் அருமை. வைத்துக்கொள்வதற்கு என்றால் செயலியை மெதுவாக ஓடவிடுங்கள், தூங்கும்போது அது வேலை செய்யட்டும்.

#18 மெல்லினம்

படங்களையே பேசுகிறீர்கள். தொடர்களைப் பற்றி நான் சொல்கிறேன், அதில்தான் நான் இடத்தைக் கொட்டினேன்.

ஒரு வட்டில் நான்கு அத்தியாயம். மேக்எம்கேவி ஐந்து தலைப்பு காட்டியது. ஐந்தையும் எடுத்தேன். ஆறு வட்டு முடிந்த பிறகுதான் பார்க்கிறேன், ஐந்தாவது என்பது அந்த நான்கையும் சேர்த்து ஓட்டும் 'அனைத்தையும் காண்' தலைப்பு. வட்டில் அது இடம் பிடிப்பதில்லை. அதே துண்டுகளைச் சுட்டும் வெறும் பட்டியல். ஆனால் தனிக் கோப்பாக எடுக்கும்போது அதே காட்சிகள் இன்னொரு முறை எழுதப்பட்டு இரட்டிப்பாகிவிடுகிறது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது, நான்தான் எல்லாவற்றிலும் குறி போட்டேன்.

பழைய தொடர்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. காணொளி நாடாவில் எடுத்ததை 1080 வரிக்கு ஊதிப் பெரிதாக்கி வட்டில் போட்டிருப்பார்கள். அதில் இல்லாத நுணுக்கத்துக்கு நாம் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? 720 வரிக்கு இறக்கிச் சுருக்கினேன்; அருகருகே வைத்துப் பார்த்தும் வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. இசை நிகழ்ச்சி வட்டுகள் சில ஒன்றுவிட்ட வரிகளாக (1080ஐ) இருக்கும். அவற்றைச் சுருக்கும்போது வரிகளை இணைக்கும் வடிகட்டியைப் போட மறந்தால் கை வீசும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். அது கோப்பில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

#19 கடைசிவரிசை

மெல்லினம், உங்கள் பதிவைப் படித்ததும் என் தொடர் வட்டுகளைப் போய்ப் பார்த்தேன். மூன்று தொடர்களில் அதே தவற்றைச் செய்திருக்கிறேன். அழித்ததும் 160 ஜிபி திரும்பி வந்தது. சுருக்காமலேயே!

4கே வட்டுகளை என்ன செய்வது? என் வட்டியக்கி மூன்றில் ஒன்றைக்கூடப் படிக்க மறுக்கிறது.

#20 முழுப்பிரதி

புளூ-ரே இயக்கிகளில் சிலவே 4கே வட்டைப் படிக்கும். மேக்எம்கேவி பயனர்கள் எந்த மாதிரிகள் படிக்கும் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

எடுத்தபின் தயவுசெய்து சுருக்காதீர்கள். பிடிவாதத்தில் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. அந்தக் காணொளி முன்பே எச்.265, 10 பிட். எச்.264-இலிருந்து மாறும்போது கிடைக்கும் ஆதாயம் இங்கே கிடையாது. எச்டிஆர் ஒளியளவுக் குறிப்புகள் வழியில் தொலைந்தால் படம் சாம்பல் பூசியதுபோல் வெளிறிவிடும். எச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷன், வட்டில் இரண்டு காணொளி அடுக்காக இருக்கும். மறுகுறியாக்கத்தில் இரண்டாவது அடுக்கு போய்விடும். மூன்று வட்டுக்காக இவ்வளவு பாடு தேவையா?

மற்ற 137 விஷயத்தில் பழையபெட்டி சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஓரளவு.

#21 பழையபெட்டி

இதை அச்சிட்டுச் சுவரில் மாட்டப் போகிறேன்.

#22 புதுவரவு

எல்லாம் ஏற்றிய பிறகு வட்டுகளைக் கொடுத்துவிடலாமா? அலமாரியும் காலியாகும்.

#23 பழையபெட்டி

கூடாது. வன்தட்டு ஒரு நாள் கட்டாயம் நிற்கும். அன்று உங்களிடம் இருக்கும் ஒரே காப்புப் பிரதி அந்த வட்டுகள்தான். வட்டைக் கொடுத்துவிட்டால் வைத்துக்கொள்ளும் பிரதிக்கு உரிமையும் கூடவே போகிறது என்பது தனி.

ஆனால் வட்டும் சாகாவரம் பெற்றதல்ல. என்னிடம் எச்டி டிவிடி வட்டுகள் இருபத்தைந்துக்கு மேல் உண்டு. நினைவிருக்கிறதா? 2006-இல் புளூ-ரேயோடு போட்டிக்கு வந்தது. ஒரு அடுக்கு 15, இரண்டு அடுக்கு 30 ஜிபி. 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்டது. தோற்ற கட்சியில் பணம் போட்டவன் நான். அந்த வட்டுகளைப் போன ஆண்டு எடுத்துப் பார்த்தால் ஏழு படிக்கவே இல்லை. கீறல் ஒன்றுமில்லை, விளிம்பில் மட்டும் மூச்சுக்காற்று பட்டதுபோல ஒரு மங்கல். மிஞ்சியதை அன்றே வன்தட்டில் ஏற்றினேன், இரண்டு பிரதிகளாக. அவற்றில் எதையும் சுருக்கவில்லை. இனி ஒருமுறை எடுக்க இயக்கி கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மறுபடி எடுக்க முடியும் என்ற தைரியம் இருக்கும் வட்டுகளைத்தான் நான் சுருக்குகிறேன்.

#24 முழுப்பிரதி

இரண்டு பிரதிகள். இரண்டு வன்தட்டுகளில்.

#25 பழையபெட்டி

ஆமாம், வாங்கினேன். போதுமா?

#26 கடைசிவரிசை

ஆறு வாரம் கழித்து வருகிறேன். 140-உம் ஏறிவிட்டன. 58 படங்களைச் சுருக்கினேன், சராசரி 8 ஜிபி. மற்றவை தடம் குறைத்தது மட்டும். 4கே மூன்றும் அப்படியே. வன்தட்டில் ஒரு டிபிக்கும் மேல் காலி இருக்கிறது. ஒவ்வொன்றையும் எடுத்தவுடன் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு வட்டுகள் பாதியில் படிப்புப் பிழை காட்டின, துடைத்து மறுபடி வைத்ததும் வந்துவிட்டன.

நேற்றிரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம். நாற்பதாவது நிமிடத்தில் இரு பாத்திரங்கள் அந்தப் படத்துக்கென்று உருவாக்கிய மொழி ஒன்றில் பேசத் தொடங்கினார்கள். நீண்ட உரையாடல். ஒருவர் கோபப்படுகிறார், மற்றவர் அழுகிறார். கீழே ஒரு வரியும் வரவில்லை. எனக்கு மூல மொழி தெரியும், வசனவரி எதற்கு என்று எல்லா வசனவரித் தடங்களையும் விட்டுவிட்டேன்.

#27 மெல்லினம்

கட்டாய வசனவரி. வேற்றுமொழி பேசும் இடங்களுக்கு மட்டும் வருவது. மேக்எம்கேவியில் வசனவரித் தடத்தின் கீழேயே 'கட்டாயம் மட்டும்' என்று தனியாகக் குறி போட இடம் இருக்கிறது. அளவு ஓரிரு எம்பிதான் வரும். சில வட்டுகளில் அந்தக் குறி இல்லாமல் முழுத் தடத்துக்குள் கலந்து கிடக்கும் என்பதால் நான் தெரிந்த மொழியின் முழு வசனவரியையும் எப்போதும் வைத்துக்கொள்வேன். 35 எம்பியில் என்ன வந்துவிடப் போகிறது?

படத்தை மறுபடி குறியாக்க வேண்டாம். வட்டிலிருந்து வசனவரித் தடத்தை எடுத்து, எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் உங்கள் கோப்போடு சேர்த்தால் ஒரு நிமிடத்தில் முடியும்.

#28 கடைசிவரிசை

வட்டைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன். 34 சதவீதம் ஓடியிருக்கிறது. இன்னும் எத்தனை படங்களில் இப்படி என்று தெரியவில்லை. வேற்றுமொழி பேசும் படங்களின் பட்டியல் ஒன்றைத் தாளில் எழுத ஆரம்பித்திருக்கிறேன், இதுவரை பதினாறு.